துரத்தாமல் எடுக்கும் படம்: ஆஸ்திரேலியக் காடுகளில் பறவைகளைப் படம்பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

என் கணினியில் 'வால்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. மெல்பர்னுக்கு வந்து கேமரா வாங்கிய முதல் வருடத்தில் எடுத்த படங்கள். எல்லாவற்றிலும் பறவை இருக்கிறது, முகம்தான் இல்லை. கிளையை விட்டுக் கிளம்பும் வால், புதருக்குள் நுழையும் வால், பாதி வால். பறவை கண்ணில் பட்டதும் அதை நோக்கி நடப்பேன், அது பறந்தால் பின்னாலேயே போவேன். அப்போது எனக்குத் தெரிந்த ஒரே முறை அதுதான். லென்ஸ் போதவில்லை என்று நினைத்து லென்ஸையும் மாற்றினேன். வால் இன்னும் துல்லியமாக விழுந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் பறவையைத் தேடிப் போவதை விட்டுவிட்டு, அது திரும்பத் திரும்ப வரும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு மாற்றத்தின் விரிவாக்கம். நான் இருப்பது விக்டோரியா என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தவை. சிட்னி, பிரிஸ்பேன்காரர்கள் இடத்தையும் பறவையையும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

படி 1: கேமராவை வாங்கி முடித்துவிடுங்கள்

இந்தப் படியில் பலர் ஆறு மாதம் உட்கார்ந்துவிடுகிறார்கள். 400 மி.மீ. வரை போகும் ஒரு ஜூம் லென்ஸ் போதும். கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் மாட்டினால் அது 600 மி.மீ. அளவுக்கு நெருக்கிக் காட்டும். சிக்மா, டாம்ரான் இரண்டு நிறுவனங்களிலும் 150-600 லென்ஸ் உண்டு. செகண்ட்ஹேண்டில் நிறையக் கிடைக்கும். ஆனால் எடை 2 கிலோவை ஒட்டி வரும். வாங்குவதற்கு முன் கடையில் பத்து நிமிடம் கையில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். தோள் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

பட்ஜெட் இடிக்கிறதா? நிக்கான் பி950 போன்ற பிரிட்ஜ் கேமராவில் லென்ஸ் மாற்றும் வேலையே இல்லை. 83 மடங்கு ஜூம். மங்கலான காட்டுக்குள் திணறும். வெளிச்சமான ஏரிக்கரையில் நன்றாகவே எடுக்கும்.

டிரைபாட் வேண்டாம். புதருக்குள் அதன் மூன்று காலை விரிப்பதற்குள் பறவை அடுத்த ஊருக்குப் போயிருக்கும். அந்தக் காசில் ஒரு 8x42 பைனாகுலர் வாங்குங்கள். பறவை என்ன செய்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க அதுதான் உதவும்.

உடையைப் பற்றி ஒன்று மட்டும். நிறத்தைவிடச் சத்தம் முக்கியம். கை அசையும்போது சரசரக்கும் மழை ஜாக்கெட், பர்ரென்று பிரியும் வெல்க்ரோ பை, இரண்டும் எனக்கு நிறையப் படங்களைத் தின்றிருக்கின்றன. வெள்ளையும் பளிச் நிறங்களும் இல்லாத பழைய பருத்திச் சட்டை போதும்.

படி 2: ஒரு இருநூறு மீட்டரைச் சொந்தமாக்கிக்கொள்ளுங்கள்

ஆஸ்திரேலியாவில் 800க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. அதற்காக முதல் மாதமே கேப்பர்ட்டீ பள்ளத்தாக்குக்கும் லாமிங்டன் தேசியப் பூங்காவுக்கும் கிளம்ப வேண்டியதில்லை. வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்கும் ஒரு பூங்காவைத் தேர்ந்தெடுங்கள். மெல்பர்னின் தென்கிழக்கில் ஜெல்ஸ் பார்க், பிரேசைட் பார்க், லிஸ்டர்ஃபீல்டு ஏரி எதுவானாலும் சரி. சிட்னியில் ராயல் தேசியப் பூங்காவின் லேடி கேரிங்டன் டிரைவ் கார்கள் ஓடாத பாதை. பறவைக்காரர்கள் கூட்டமாகப் போகும் இடம்.

ஈபேர்ட் தளத்தில் அந்தப் பூங்காவின் பெயரைப் போட்டால் எந்த மாதம் எது வருகிறது என்று பட்டியல் கிடைக்கும். மெர்லின் ஆப் குரலைக் கேட்டு இனத்தைச் சொல்லும். சில நேரம் தப்பாகவும் சொல்லும், அதனால் கண்ணால் பார்க்கும் வரை நம்ப வேண்டாம்.

இனி, முதல் நான்கு வாரமும் அதே பூங்காவில் அதே இருநூறு மீட்டருக்குள்தான். கேமராவைவிடப் பைனாகுலரை அதிகம் பயன்படுத்துங்கள். கவனிக்க வேண்டியது பறவை திரும்பி வரும் புள்ளிகளை. ஈஸ்டர்ன் யெல்லோ ராபின் என்றொரு மஞ்சள் வயிற்றுக் குருவி இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கைக் கற்றுக்கொடுக்கவே பிறந்த பறவை அது. செங்குத்தான மரத்தண்டில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். புழு அசைந்தால் பொத்தென்று இறங்கும், எடுக்கும், அடுத்த தண்டில் போய் ஒட்டும். ஐந்து நிமிடம் பார்த்தால் அது சுற்றிவரும் தண்டுகள் நாலைந்துதான் என்று புரிந்துவிடும். அவற்றில் வெயில் நன்றாக விழும் தண்டு எது, பின்னால் குப்பை இல்லாத தண்டு எது என்று பார்த்து, அதற்கு எதிரே உட்கார வேண்டியதுதான்.

ரெயின்போ பீ-ஈட்டர் இன்னும் வசதி. நம் ஊர்ப் பஞ்சுருட்டானின் உறவு. வசந்தத்தில் விக்டோரியாவுக்கு வரும். தேனீயைப் பிடித்ததும் பழைய கிளைக்கே திரும்பி, கொடுக்குப் போகும் வரை கிளையில் அடித்து அடித்துத் தின்னும். ஒரு முறை தவறவிட்டால் அடுத்த தேனீக்குக் காத்திருக்கலாம்.

காதையும் பழக்க வேண்டும். சின்னப் பறவைகள் ஒரே இடத்தைச் சுற்றிக் கத்தித் தீர்த்தால் அங்கே ஆந்தையோ பாம்போ உடும்போ இருக்க வாய்ப்பு அதிகம். சில குரல்கள் நமக்கு ஏற்கெனவே தெரியும். செப்டம்பர் வந்தால் சிட்னியில் அதிகாலை நாலு மணிக்கே குயில் கூவ ஆரம்பித்துவிடும். வடக்கே நியூ கினி பக்கத்திலிருந்து வரும் கீழைக் குயில் அது, நம் குயிலின் ஒன்றுவிட்ட சொந்தம். அக்கம்பக்கத்தார் தூக்கம் போச்சு என்று புலம்புவார்கள், நாம் ஜன்னலைத் திறந்து கேட்போம். மைனா கதை வேறு. 1860களில் மெல்பர்னில் கொண்டுவந்து விட்ட நம் நாட்டு மைனாதான் இன்று தெருவெல்லாம் நிற்கிறது. நாய்சி மைனர் என்பது அதுவல்ல, அது இந்த மண்ணின் சொந்தப் பறவை. பெயர் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு.

படி 3: செட்டிங்கை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

காட்டில் மெனுவைத் துழாவ நேரம் இருக்காது. இதை வைத்துத் தொடங்குங்கள்:

ஷட்டர் வேகம், கிளையில் உட்கார்ந்த சின்னப் பறவைக்கு 1/1000 நொடி. உட்கார்ந்திருந்தாலும் தலையை நொடிக்கு நாலு தடவை திருப்பும். பறக்கும் பறவைக்கு 1/2500க்குக் குறையாமல்.
அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, உங்கள் லென்ஸில் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. பெரும்பாலும் எஃப் 5.6 அல்லது 6.3.
ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், ஆட்டோவில், உச்ச வரம்பு 6400.
ஃபோகஸ் தொடர் முறையில். பறவைக் கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளி.
கோப்பு ரா வடிவத்தில், அதாவது கேமரா பதப்படுத்தாத மூல வடிவத்தில்.

யூகலிப்டஸ் இலைகள் முன்னால் தொங்கினால் தானியங்கி ஃபோகஸ் இலையைத்தான் பிடிக்கும். அதற்காகவே ஒற்றைப் புள்ளிக்கு மாற ஒரு பட்டனை ஒதுக்கி வையுங்கள். ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிரித்துப் பின்பக்க பட்டனுக்கு மாற்றினால் இன்னும் நல்லது. இரண்டு வாரம் விரல் தடுமாறும், பிறகு பழைய முறைக்குத் திரும்ப மாட்டீர்கள்.

புதியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது எக்ஸ்போஷரில். இங்குள்ள வெயில் கடுமை. இங்குள்ள பறவைகளில் பல கறுப்பும் வெள்ளையுமாக வேறு இருக்கின்றன. இருண்ட காட்டுப் பின்னணியில் வெள்ளைக் காக்கட்டூ உட்கார்ந்தால், கேமரா இருட்டைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளிச்சமாக்கும். இறகு வெறும் சுண்ணாம்பாகிவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தில் பாதி) குறையுங்கள். வானத்தில் கறுப்புக் காக்கட்டூக்கள் பறந்தால் நேர்மாறு, ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை ஏற்றுங்கள். வெந்துபோன வெள்ளையை மீட்க வழியில்லை. இருண்ட படத்தை ஓரளவு மீட்கலாம்.

காலை பத்து மணிக்கு மேல் கோடையில் எடுக்கவே எடுக்காதீர்கள் என்பேன். தலைக்கு மேல் வெயில் வந்தால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து பறவை தூக்கமில்லாத மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் சூரியன் நாள் முழுக்கத் தாழ்வாகவே போவதால் அந்தத் தொல்லை குறைவு.

படி 4: உட்காருவது

உட்காரும் முன் தரையைப் பாருங்கள். பாம்புக்காக மட்டும் சொல்லவில்லை. புல் ஆன்ட் என்று ஒரு எறும்பு உண்டு, விரல் நகத்தைவிட நீளம், கொட்டினால் தேள் ஞாபகம் வரும். நான் ஒருமுறை ஃபேரி ரென் என்ற குட்டிப் பறவைகளின் கூட்டத்துக்கு எதிரே, மிகச் சரியான வெளிச்சத்தில், அதன் புற்றின் மேலேயே உட்கார்ந்தேன். அன்றைக்குப் படம் இல்லை.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு மரத்தண்டில் சாய்ந்து உட்காருங்கள். மனித உருவத்தின் புறக்கோடு தெரியாமலிருப்பது முக்கியம். கேமராவை முகத்தருகே முன்கூட்டியே உயர்த்தி, முழங்காலில் முட்டுக் கொடுத்து வைத்திருங்கள். பறவை வந்த பிறகு கேமராவைத் தூக்கினால் அந்த அசைவிலேயே போய்விடும். முதல் பதினைந்து நிமிடம் காடு காலியாக இருப்பதுபோல் தோன்றும். இருபதாவது நிமிடத்தில் ஏதோ ஒன்று உங்களை மரமாக ஏற்றுக்கொள்ளும்.

சூப்பர்ப் ஃபேரி ரென் இதற்கு நல்ல பயிற்சி. எடை பத்து கிராம் அளவுதான். குடும்பமாக வரும், வாலை நெட்டுக்குத்தாக நிறுத்திக்கொண்டு புல்லில் தத்தும். இனப்பெருக்கக் காலத்து ஆணின் நீலம் கண்ணைப் பறிக்கும். உங்களைத் தாண்டி முன்னும் பின்னும் போகும், துரத்தினால் முள்ளுக்குள் மறையும், உட்கார்ந்தால் ஷூ வரைக்கும் வரும். வசந்தத்தில் ஆண் ஒரு மஞ்சள் பூவிதழைக் கொத்திக்கொண்டு பெண்ணிடம் காட்டப் போகும். அந்தப் படத்துக்காக மூன்று வசந்தமாகக் காத்திருக்கிறேன். இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் இதழ் மட்டும் ஃபோகஸில் இருந்தது.

லென்ஸைப் பறவையின் கண் மட்டத்துக்குக் கொண்டுபோவது பாதி வேலை. தரையில் மேயும் பறவைக்குப் படுத்தே எடுக்க வேண்டும். நின்றுகொண்டு கீழ்நோக்கி எடுத்தால் அடையாள அட்டைப் படம்தான் கிடைக்கும்.

நெருங்கித்தான் ஆக வேண்டும் என்றால் நேராகப் போகாதீர்கள். வேறெங்கோ போகிறவர் மாதிரி சாய்வாக நாலு அடி, நின்று ஒரு நிமிடம், மறுபடி நாலு அடி. அது மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டினால், இறகை உடம்போடு ஒட்டினால், நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு அடி பின்வாங்குங்கள். எச்சமிட்டால் பறக்கப் போகிறது என்று பொருள், விரலைப் பட்டனில் வையுங்கள்.

படி 5: ஷெர்புரூக்கில் ஒரு ஜூன் காலை

இதுவரை சொன்னதை ஒரே இடத்தில் சோதிக்க வேண்டுமென்றால் டான்டெனாங் மலையில் ஷெர்புரூக் காட்டுக்குப் போங்கள். லயர்பேர்டைப் பார்க்க மெல்பர்னுக்கு அருகே அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. பத்து சென்ட் நாணயத்தில் இருக்கும் பறவை அதுதான். லயர் என்பது யாழ் மாதிரியான நரம்புக் கருவி, அதனால் எனக்குள் அதை யாழ்ப்பறவை என்றே சொல்லிக்கொள்கிறேன்.

ஆண்கள் ஆடுவதும் பாடுவதும் உச்சத்தில் இருப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. காலை எட்டு மணிக்கும் உள்ளே அந்தி மாதிரி இருக்கும், மவுன்டன் ஆஷ் மரங்கள் அவ்வளவு உயரம். மேலே கொடுத்த 1/1000 இங்கே உதவாது. 1/160க்கு இறங்கினேன், ஐஎஸ்ஓ 6400ஐத் தொட்டது. முதலில் கேட்டது பாட்டு அல்ல, சருகைக் கிளறும் சத்தம். கோழி கிளறுவது போலத்தான், ஆனால் கனமாக. பாதையை விட்டு இறங்காமல் அங்கேயே குந்தினேன். பெரணிக்குப் பின்னாலிருந்து விப்பேர்டின் சாட்டைச் சொடுக்கு கேட்டது, உடனே குக்கபராவின் சிரிப்பு, அப்புறம் ரொசெல்லா கிளி. மூன்று பறவைகளும் ஒரே புதரிலா என்று யோசித்து முடிப்பதற்குள் அவன் வெளியே வந்தான், மூன்று குரலையும் பாவனை செய்த ஆண் லயர்பேர்ட். கிளறிச் சுத்தம் செய்த ஒரு மீட்டர் அகல மண்மேட்டில் ஏறி நின்று, வாலை முன்பக்கம் கவிழ்த்து விரித்தான். பதினாறு இறகுகள். தலை முழுக்க வெள்ளிச் சல்லடைக்குள் மறைந்துவிட்டது, உள்ளே ஒரு கண் மட்டும்.

நாற்பது படத்தில் மூன்று தெளிவு. ஆட்டத்தின் நடுவே அவன் நொடிப்பொழுது அசையாமல் நிற்கும் தருணங்கள் உண்டு, 1/160 அப்போதுதான் எடுபடும். மண்மேட்டை மிதிக்காதீர்கள். அதே குளிர்காலத்தில்தான் பெண் தனியாக ஒற்றை முட்டையை அடைகாக்கிறது, அதனால் பாதையை விட்டு விலகவே வேண்டாம்.

படி 6: காரையே மறைவிடமாக்குங்கள்

மனிதனைக் கண்டு பறக்கும் பறவைகளில் பல காரைக் கண்டு பறப்பதில்லை. மெல்பர்னுக்கு மேற்கே வெர்ரிபீயில் இருக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இதற்குப் பேர்போன இடம். ஆமாம், கழிவுநீர்தான், வாசனையும் சில நாள் அப்படித்தான். மெல்பர்ன் வாட்டரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சைபீரியாவிலிருந்து பறந்துவரும் முப்பது கிராம் ரெட்-நெக்ட் ஸ்டின்ட் என்ற சின்னக் கரைப்பறவையை அங்கே கோடையில் கூட்டமாகப் பார்க்கலாம்.

மெதுவாகப் போய் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிடுங்கள். அதிர்வு படத்தைக் கெடுக்கும். ஜன்னல் கண்ணாடி மேல் வைக்க ஒரு துணிப்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுத் தைத்துக்கொள்ளலாம். லென்ஸ் அதன்மேல் பொம்மை மாதிரி உட்காரும். மழையில் நனைந்தால் மட்டும் அரிசியை மாற்றிவிடுங்கள், நான் மாற்றாமல் விட்டு ஒரு வாரம் காரில் ஏற முடியவில்லை.

படி 7: உயிரோடு திரும்பி வருவது

பாம்புகள் வெப்ப மாதங்களில் சுறுசுறுப்பாக இருக்கும். விக்டோரியாவில் டைகர், ஈஸ்டர்ன் பிரவுன் இரண்டும் கடும் விஷம். பையில் இரண்டு அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் கட்டாயம். கடித்தால் கடிவாயைக் கழுவாமல், கடிபட்ட கையையோ காலையோ முழுக்க இறுக்கிச் சுற்றி, அசையாமல் இருந்து 000க்கு அழைக்க வேண்டும். நடந்து கார் வரைக்கும் போகலாம் என்று நினைக்காதீர்கள். எமர்ஜென்சி பிளஸ் ஆப் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும்.

காற்றடிக்கும் நாளில் பெரிய யூகலிப்டஸுக்குக் கீழே உட்கார வேண்டாம், கிளை முன்னறிவிப்பில்லாமல் விழும். கிழக்குக் கடற்கரைப் பக்கம் போய்வந்தால் உண்ணி இருக்கிறதா என்று தலைமுடி வரை பாருங்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மேக்பை பின்மண்டையில் கொத்த வரும், தொப்பி போடுங்கள், அந்த மரத்தைச் சுற்றிப் போங்கள். காட்டுத்தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் நாளில் பூங்காவையே மூடிவிடுவார்கள். விக்எமர்ஜென்சி ஆப்பைப் பார்க்காமல் கோடையில் வீட்டை விட்டுக் கிளம்பாதீர்கள்.

படி 8: செய்யக் கூடாதவை

கூட்டைப் படம் எடுக்காதீர்கள். நீங்கள் போட்ட தடத்தைப் பார்த்துக் கூட்டுக்குக் காகமும் கரவாங் பறவையும் வரும். ஃபோனில் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று அது இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும், அதுவும் இனப்பெருக்கக் காலத்தில். தேசியப் பூங்காவில் தீனி போடக் கூடாது, அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடக் கூடாது. விக்டோரியாவின் 1975ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை வேண்டுமென்றே தொந்தரவு செய்வது குற்றம்.

நாற்பது டிகிரி வெயிலில் சில்டர்ன் மாதிரியான வறண்ட காடுகளில் தண்ணீர்க் குட்டையருகே உட்கார்ந்தால் ஹனிஈட்டர்கள் வரிசையாக வரும், உண்மைதான். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருப்பதாலேயே இறங்கப் பயந்து மேலே நாக்கு வறண்டு காத்திருக்கும் பறவைகள் உங்கள் படத்தில் தெரிவதில்லை. தள்ளி உட்காருங்கள், அரை மணியில் எழுந்துவிடுங்கள்.

ஆந்தை, தவளைவாயன் இருக்கும் இடத்தை இணையத்தில் போடவே கூடாது. டானி ஃப்ராக்மௌத் என்ற தவளைவாயன் பகலில் ஒரே கிளையில் பட்டுப்போன கட்டை மாதிரி உட்காரும். இடம் தெரிந்தால் வார இறுதியில் முப்பது பேர் வந்து நிற்பார்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தைத் தானாகவே மங்கலாக்குகிறது. ஃபேஸ்புக் அதைச் செய்யாது.

படி 9: வீட்டுக்கு வந்த பிறகு

அறுநூறு படத்தில் எட்டு தேறினால் நல்ல நாள். முதல் சுற்றில் கண் தெளிவில்லாதவை எல்லாவற்றையும் இரக்கமில்லாமல் அழித்துவிடுங்கள். இரண்டாவது சுற்றை மறுநாள் வையுங்கள், அன்றைக்கே பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். லைட்ரூமில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இப்போது நன்றாக வேலை செய்கிறது, ஐஎஸ்ஓ 6400 படங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நிறத்தை மட்டும் ஏற்றாதீர்கள். லோரிகீட் கிளிக்கு அது தேவையே இல்லை.

பேட்டரியைச் சார்ஜில் போட்டதும் கார்டை ஃபார்மட் செய்யுங்கள். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். படத்தைப் பற்றி எழுத வேண்டாம், அடுத்த சனிக்கிழமைக்கு வேண்டியதை எழுதுங்கள். என் நோட்டில் கடைசியாக இருப்பது இது: 'லிஸ்டர்ஃபீல்டு, ஓடைக்கு இந்தப் பக்கம். ராபின் 8.10க்கு இரண்டாவது கட்டை. வெயில் அங்கே 8.40க்குத்தான் வருகிறது. நடுவிலுள்ள சுள்ளி மறைக்கிறது, ஒடிக்காமல் ஒரு அடி இடப்பக்கம் உட்கார். எறும்பு பார்.'